‘ஃப்ரீ’ என்றால் எது இல்லை?

புல்மோட்டை அரிசிமலைக் கடற்கரையில் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் வெளிநாட்டுப் பயணி வந்து, “இஸ் த போட் ஃப்ரீ?” என்று கேட்கிறார் என்று வையுங்கள். அன்று படகை யாரும் பேசி வைக்கவில்லை. ஆகவே படகுக்காரர் “யெஸ், ஃப்ரீ” என்கிறார். ஒரு மணி நேரம் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கரையில் இறங்கியதும் பணம் கேட்கிறார். பயணியின் முகம் கறுத்துவிடுகிறது. ஃப்ரீ என்றுதானே சொன்னீர்கள்?

இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ‘ஆள் இல்லை’ என்று சொன்னார், மற்றவர் ‘விலை இல்லை’ என்று எடுத்துக்கொண்டார். கயிறு அவிழ்ந்து படகு தானாக மிதந்து போனாலும் அதே வாக்கியம்தான்: ‘த போட் இஸ் ஃப்ரீ.’

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புதுச் சொல் அல்ல. “சிம் ஃப்ரீ”, “நானா, பின்னேரம் ஃப்ரீயா?”, “புது சேர் ஃப்ரீயாப் பழகுவார்” என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். பழகிய சொல் என்பதால்தான் அதைச் சரிபார்க்காமல் விடுகிறோம். இந்த அத்தியாயத்துக்கு ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஒரு கைத்தொலைபேசி போதும். நாளுக்கு இருபது நிமிடமாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஒரே ஒரு கருவி

‘ஃப்ரீ’ எங்கே வந்தாலும் “எது இல்லை?” என்று கேளுங்கள். விலை இல்லையா, வேலை இல்லையா, ஆள் இல்லையா, கட்டு இல்லையா, கலப்பு இல்லையா? தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு: இலவசம், ஓய்வு, காலி, விடுதலை, அற்ற. ஆங்கிலம் இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, மிச்சத்தைப் பக்கத்துச் சொல்லிடம் ஒப்படைத்துவிடுகிறது. பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் ‘ஃப்ரீ’யை மொழிபெயர்க்கவே கூடாது.

கோட்பாடு இவ்வளவுதான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த ஆங்கிலச் சொல்லும் நம் ‘பிரியம்’ வந்த வடமொழிச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஜெர்மானியக் குடும்பங்களில் அன்புக்குரிய சொந்தங்கள் ஒரு பக்கம், அடிமைகள் மறுபக்கம். சொந்தங்களைக் குறித்த சொல் மெல்ல ‘அடிமை அல்லாதவர்’ என்று பொருள் மாறியது என்று சொல்வரலாறு எழுதுவோர் விளக்குகிறார்கள். ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான்.

படி 1: முதலில் வாய்

நம்மில் பலர் ‘ப்ரீ’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ப்ரீ’ என்றால் ‘முன்’. ‘ப்ரீபெய்ட்’ என்பது முன்கூட்டியே காசு கட்டியது, ‘ப்ரீஸ்கூல்’ என்பது முன்பள்ளி. ஒலி மாறினால் காசு கட்டியதும் கட்டாததும் இடம் மாறிவிடும்.

புல்மோட்டைப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. குர்ஆன் மத்ரஸாவில் ‘ஃபாத்திஹா’வைச் சரியாக ஓதக் கற்ற பிள்ளையின் வாயில் இந்த ஒலி ஏற்கெனவே இருக்கிறது. ஓதும்போது வருவது ஆங்கிலம் பேசும்போது மட்டும் ஏன் மறைய வேண்டும்? அந்த ஒலியை அப்படியே எடுத்து வாருங்கள். மற்றவர்கள் இப்படிப் பழகலாம்:

1. மேல்வரிசைப் பற்களைக் கீழுதட்டின் உள்விளிம்பில் மெதுவாக வையுங்கள். கடிக்க வேண்டாம்.
2. இரண்டு உதடுகளும் ஒட்டாமல் காற்றை விடுங்கள். வாயின் முன் கையைப் பிடித்தால் காற்று தொடர்ந்து பட வேண்டும். ‘ப’ சொன்னால் ஒரே அடியாக அடித்து நின்றுவிடும்.
3. காற்று நிற்குமுன் ‘ரீ’யைச் சேருங்கள். நடுவில் உகரம் நுழைந்தால் ‘ஃபுரீ’ ஆகிவிடும்.
4. ‘ஃபீ – ஃப்ரீ’ என்ற இணையைப் பத்து முறை சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள்.

அந்த நான்காவது படியைத் தாண்டிப் போகாதீர்கள். ‘ஃபீ’ என்றால் கட்டணம், ‘ஃப்ரீ’ என்றால் கட்டணம் இல்லை. இடையில் இருப்பது ஒரு ரகரம் மட்டுமே. தொலைபேசியில் அது காற்றோடு போய்விடும்.

*குறிப்பு:* காசு சம்பந்தப்பட்ட எதையும் தொலைபேசியில் ‘ஃப்ரீ’ என்ற சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். “டூ ஐ ஹாவ் டு பே எனிதிங்?” – நான் ஏதாவது கட்ட வேண்டுமா – என்று நேராகக் கேளுங்கள்.

படி 2: இல்லாததைக் கண்டுபிடியுங்கள்

கொப்பியில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் ‘எது இல்லை?’. சில உதாரணங்கள்:

‘ஃப்ரீ எடியுகேஷன்’: விலை இல்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொண்டுவந்து, 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. 1980இல் பாடநூலும் 1993இல் சீருடையும் சேர்ந்துகொண்டன.

‘ஐ’ம் ஃப்ரீ ஆஃப்டர் ஜும்ஆ’: வேலை இல்லை.

‘இஸ் திஸ் சீட் ஃப்ரீ?’: ஆள் இல்லை. திருகோணமலை பஸ்ஸில் இதைக் கேட்கும் வெளிநாட்டவர் டிக்கெட் காசைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்றுதான் கேட்கிறார்.

‘த ரோப் கேம் ஃப்ரீ’: கட்டு இல்லை. கயிறு அவிழ்ந்துவிட்டது. கடலில் இது எச்சரிக்கை, சிரித்துத் தலையாட்டிவிட்டு இருக்காதீர்கள்.

‘ஃப்ரீ டிரேட்’: இறக்குமதித் தீர்வை இல்லை, அல்லது குறைவு. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் ஒப்பமிட்டு 2000 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய ஒப்பந்தத்தின் பெயரில் இருப்பது இந்த ‘ஃப்ரீ’.

‘ஃப்ரீ சொஃப்ட்வெயர்’: பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் தடை இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய இயக்கத்தின் சொல் இது. விலையைப் பற்றியது அல்ல என்று அவர் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று வைத்தார்கள். அந்த விளக்கம் தேவைப்படவே இல்லை.

நாட்டின் அரசியலமைப்பின் முதல் உறுப்புரையிலும் ‘ஃப்ரீ’ இருக்கிறது, அதே வரியில் ‘இன்டிபென்டன்ட்’டும் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்றால் இரண்டையும் எழுதியிருக்க மாட்டார்கள். அடிமைப்படாத நிலை ஒன்று, பிறரைச் சார்ந்து நிற்காத நிலை மற்றொன்று.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று: ‘ஃப்ரீ ஹிட்’டில் எது இல்லை? ஆட்டமிழக்கும் பயம் இல்லை என்பீர்கள். முழுக்கச் சரியல்ல. போல்டு, பிடி, எல்பிடபிள்யூ இல்லை, ஆனால் ரன்-அவுட் உண்டு. இதை மனதில் வையுங்கள். ‘ஃப்ரீ’ எல்லாவற்றிலிருந்தும் விடுவிக்கும் சொல் அல்ல. கீழே வெளிநாட்டு வேலை பற்றிப் பேசும்போது இந்த ரன்-அவுட் திரும்ப வரும்.

படி 3: முன்னாலா, பின்னாலா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ஒரு பொருள், பின்னால் ஒட்டி வந்தால் நேர் எதிர்ப்பொருள்.

‘ஃப்ரீ சுகர்’ என்று கடைப் பலகையில் இருந்தால் சீனி சும்மா கிடைக்கும். ‘சுகர்-ஃப்ரீ’ என்றால் சீனி இல்லை. ‘ஃப்ரீ அல்கஹோல்’ என்று எழுதியிருந்தால் அந்த விருந்தில் மதுபானம் இலவசம். ‘அல்கஹோல்-ஃப்ரீ’ என்றால் மதுசாரம் சேராதது. ஹலால் பார்த்து வாங்குகிற ஒருவர் இதை மாற்றி வாசித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விதி இது: பின்னால் ஒட்டி வரும் ‘-ஃப்ரீ’ எப்போதும் தமிழின் ‘அற்ற’ அல்லது ‘இல்லாத’. டியூட்டி-ஃப்ரீ என்றால் தீர்வையற்ற. இன்ட்ரஸ்ட்-ஃப்ரீ என்றால் வட்டியில்லாத. மைன்-ஃப்ரீ என்றால் கண்ணிவெடி இல்லாத. கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் 2017 டிசம்பரில் இலங்கை இணைந்தது. அயல் மாவட்டமான முல்லைத்தீவில் வெடி அகற்றும் வேலை பற்றிய ஆங்கிலச் செய்திகளில் இந்தத் தொடர் அடிக்கடி வரும்.

*பாதுகாப்பு – நீரிழிவு உள்ளவர்களுக்கு:*

1. ‘சுகர்-ஃப்ரீ’ பிஸ்கட்டில் சீனி இல்லாமல் இருக்கலாம், மாவு உண்டு. மாவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும்.
2. ‘ஃபட்-ஃப்ரீ’ என்பது கொழுப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சீனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
3. மருத்துவக் கையேடுகளில் ‘ஃப்ரீ சுகர்ஸ்’ என்று வந்தால் அது இலவசச் சீனியும் அல்ல, சீனியின்மையும் அல்ல. உணவில் சேர்க்கப்படும் சீனியும், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையும் அது. உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்வது இதைத்தான்.

மூன்றாவதில் ‘ஃப்ரீ’ வேதியியல் வாசனையோடு வருகிறது: வேறொன்றோடு பிணையாதது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டுச் சோதிக்கும்போது சொல்லும் ‘ஃப்ரீ குளோரின்’ இதே வகை. அழுக்கோடு சேர்ந்து செலவாகாமல் நீரில் மிச்சமிருக்கும் குளோரின் அது. குளோரின் இல்லாத நீர் என்று வாசித்துவிடாதீர்கள்.

படி 4: பின்னால் வரும் சிறு சொற்கள்

*ஒவ்:* ‘ஃப்ரீ ஒவ் சார்ஜ்’ என்றால் கட்டணமின்றி. பட்டியல், பில், கடன் போன்றவற்றோடு பெரும்பாலும் இது வரும்.

*ஃப்ரொம்:* பயம், நோய், தொல்லை போன்றவற்றிலிருந்து விடுபட்ட நிலை. காணி உறுதி ஆங்கிலத்தில் இருந்தால் ‘ஃப்ரீ ஃப்ரொம் என்கம்பரன்சஸ்’ என்ற தொடரைத் தேடுங்கள். ஈடு, வழக்கு, பிறர் உரிமை எதுவும் அந்தக் காணியில் இல்லை, அதாவது வில்லங்கமற்றது என்று விற்பவர் சொல்கிறார். அது விற்பவரின் சொல் மட்டுமே. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

*டு:* பின்னால் வினை வரும். ‘யூ ஆர் ஃப்ரீ டு கோ’ – நீங்கள் போகலாம், தடை இல்லை. ‘ஃபீல் ஃப்ரீ டு ஆஸ்க்’ – தயங்காமல் கேளுங்கள். கடிதத்தின் முடிவில் போட இதைவிட மரியாதையான தொடர் எளிதில் கிடைக்காது.

*வித்:* தாராளமாகக் கொடுப்பவர். ‘ஹி இஸ் ஃப்ரீ வித் ஹிஸ் அட்வைஸ்’ என்றால் கேட்காமலே அறிவுரை சொல்பவர் என்ற சாயலும் உண்டு. உயரதிகாரியைப் பற்றி எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.

படி 5: ‘ஃப்ரீ’யா, ‘ஃப்ரீலி’யா?

‘சில்ட்ரன் டிராவல் ஃப்ரீ’ – பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ‘சில்ட்ரன் டிராவல் ஃப்ரீலி’ – பிள்ளைகள் தடையின்றிப் போய் வருகிறார்கள். விலை என்றால் ‘ஃப்ரீ’, தடை என்றால் ‘ஃப்ரீலி’. இலக்கண வகுப்பில் வினையடை என்றால் ‘லி’ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே அந்தப் பழக்கம் காலை வாரும்.

நம் பேச்சிலிருந்து நுழையும் பிழைகள்

“புது சேர் ஃப்ரீயாப் பழகுவார்” என்பதை ‘த நியூ சேர் இஸ் வெரி ஃப்ரீ’ என்று எழுதினால், அவருக்கு வேலையே இல்லை என்று வாசிப்பார்கள். ‘ஃப்ரெண்ட்லி’ என்று எழுதுங்கள். ஒரு பெண்ணைப் பற்றி ‘வெரி ஃப்ரீ’ என்று எழுதவே வேண்டாம். அவருடைய நடத்தையைப் பற்றிய பேச்சாக அது திரும்பிவிடும். ஒரு பிள்ளையின் நற்சான்றுக் கடிதத்தில் ஆசிரியர் நல்ல மனதோடு எழுதும் இந்தத் தொடர் அந்தப் பிள்ளைக்கே வினையாகலாம்.

அறிமுகமில்லாதவரிடம் “ஆர் யூ ஃப்ரீ?” என்று தொடங்குவதும் சரியல்ல. “எக்ஸ்கியூஸ் மீ, டூ யூ ஹாவ் எ மினிட்?” போதும். வேலை நேர்முகத்தில் “ஐ’ம் ஃப்ரீ நவ்” என்றால் சும்மா இருக்கிறேன் என்று காதில் விழும். எந்தத் திகதியிலிருந்து வர முடியும் என்பதை ‘அவேலபிள் ஃப்ரொம்’ என்று சொல்லுங்கள்.

பாதுகாப்பு: ‘ஃப்ரீ விசா’

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். வளைகுடாவுக்குப் போக ஆயத்தமாகும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

‘ஃப்ரீ விசா’ என்றதும் காசில்லாத விசா என்று வீட்டார் நினைக்கிறார்கள். அதற்குப் பல இலட்சம் கேட்கிறார்கள் என்றதும் குழம்புகிறார்கள். முகவர், “போய் விரும்பின இடத்தில வேல செய்யலாம், அதான் ஃப்ரீ” என்று விளக்குகிறார். கருவியை எடுங்கள்: எது இல்லை?

விலை உண்டு. இல்லாதது வேலை. அந்த விசாவில் கஃபீலாக, அதாவது உங்களுக்குப் பொறுப்பான முதலாளியாக, பெயர் போட்டிருப்பவர் உங்களுக்கு வேலை தரப்போவதில்லை, தன் பெயரை விற்றிருக்கிறார். நீங்கள் வேறொருவரிடம் வேலை தேட வேண்டும். பெரும்பாலான வளைகுடா நாடுகளில், அனுமதி மாற்றாமல் விசாவில் உள்ளவர் அல்லாத ஒருவரிடம் வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். விழுந்து காலை முறித்துக்கொண்டால் பொறுப்பேற்க முதலாளி இல்லை. சம்பளம் தராவிட்டால் முறையிட ஒப்பந்தம் இல்லை. முன்பு சொன்ன ரன்-அவுட் இதுதான்.

துபாய்ப் பக்கம் ‘ஃப்ரீ சோன்’ என்பது வேறு. ஜெபல் அலியில் 1985இல் தொடங்கியதைப் போன்ற வர்த்தக வலயம் அது. நம் கட்டுநாயக்கவில் 1978இல் திறந்ததும் அந்த வகைதான். அங்குள்ள நிறுவனம் தரும் விசாவில் வேலையும் முதலாளியும் உண்டு. ‘ஃப்ரீ சோன்’ என்று சொல்லி ‘ஃப்ரீ விசா’வைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்.

கையெழுத்துப் போடுமுன்:

1. விசாவில் முதலாளியின் பெயர், தொழில், இடம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள்.
2. ஒப்பந்தத்தில் ‘ஃப்ரீ’ வரும் இடங்களையெல்லாம் பேனையால் வட்டமிடுங்கள்.
3. ஒவ்வொரு வட்டத்துக்கும் ‘எது இல்லை?’ எழுதுங்கள். ‘ஃப்ரீ ஃபூட்’ என்றால் சாப்பாட்டுக்குக் காசு வெட்ட மாட்டார்கள். ‘ஃபூட் அலவன்ஸ்’ என்றால் ஒரு தொகை தருவார்கள், சமைப்பது உங்கள் பாடு.
4. ‘ஃப்ரீ டிக்கெட்’ போகவா, வரவுமா? எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை? எழுத்தில் இல்லாவிட்டால் வரும் டிக்கெட் உங்கள் செலவு என்றே எண்ணுங்கள்.
5. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள்.
6. கடவுச்சீட்டைக் கொடுக்கும்போது பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* முகவர் வாயால் தமிழில் சொல்வதைக் கேட்டு, தாளில் ஆங்கிலத்தில் உள்ளதை வாசிக்காமல் ஒப்பமிடுவது. தாளை வாங்கி வந்து ஒரு இரவு வீட்டில் வையுங்கள். ஒரு இரவுகூடத் தர மறுக்கும் தாளில் ஒப்பமிட வேண்டாம்.

துறைமுகமும் மணலும்

நம் ஊர்க் கரையில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் கலந்த கனிய மணல் இருக்கிறது. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் உருவான காலத்திலிருந்து ஏற்றுமதிச் சொற்களும் நமக்குப் பக்கத்தில்தான் புழங்குகின்றன. அலுவலகத்திலோ திருகோணமலைத் துறைமுகத்திலோ வேலை தேடுபவர் இந்த மூன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

‘ஃப்ரீ ஆன் போர்ட்’, சுருக்கமாக எஃப்.ஓ.பி.: சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையான செலவு வாங்குபவருக்கு இல்லை, அது விற்பவருடையது. ஏறிய பின் கப்பற் கூலியும் ஆபத்தும் வாங்குபவருடையவை. சரக்கு இலவசம் என்று பொருள் அல்ல, விலை முழுதும் உண்டு.

‘ஃப்ரீ பிராட்டிக்’: கப்பலில் தொற்றுநோய் இல்லை, கரையோடு தொடர்பு கொள்ளலாம் என்று துறைமுகச் சுகாதார அதிகாரி தரும் அனுமதி. அதைக் கேட்டு நிற்கும் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றியிருக்கும்.

‘ஃப்ரீபோர்ட்’ என்று போர்டை ஒட்டிச் சொன்னால், நீர்மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையிலான உயரம். அங்கே இல்லாதது தண்ணீர். ஆள் ஏற ஏற அது குறையும். நான்கு பேர் ஏறும் படகில் எட்டுப் பேரை ஏற்றினால் அலை உள்ளே வர வழி திறந்துவிடுகிறீர்கள். அதையே பிரித்து ‘ஃப்ரீ போர்ட் அண்ட் லொட்ஜிங்’ என்று வேலை விளம்பரத்தில் எழுதினால், இலவசச் சாப்பாடும் தங்குமிடமும்.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு ‘எது இல்லை?’ எழுதிவிட்டு விடையைப் பாருங்கள்.

1. கோல் 1990, இட்ஸ் ஃப்ரீ.
2. த பேஷன்ட் இஸ் ஃப்ரீ ஃப்ரொம் பெய்ன்.
3. ஆர் யூ ஃப்ரீ ஃபோர் லன்ச்?
4. இஸ் லன்ச் ஃப்ரீ?
5. ஷி கேவ் ஹெர் ஃப்ரீ கன்சென்ட்.

விடைகள்: 1. கட்டணம் இல்லை. சுவசெரிய அம்புலன்ஸின் அழைப்பும் சேவையும் இரண்டுமே. 2. வலி இல்லை. 3. வேறு வேலை இல்லை. சாப்பாட்டுக் காசு யாருடையது என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. 4. விலை இல்லை. 5. வற்புறுத்தல் இல்லை. மிரட்டி வாங்கிய ஒப்பம் இதில் சேராது.

ஆறாவது பயிற்சி: அரிசிமலைப் படகுக்காரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே எழுதிப் பாருங்கள். என் விடை: “யெஸ், த போட் இஸ் அவேலபிள். ஒன் அவர், … ரூபீஸ் ஃபோர் த போட்.” புள்ளியிட்ட இடத்தில் உங்கள் தொகையைப் போட்டு, ஒரு பலகையில் பெரிதாக எழுதிப் படகின் முன்புறம் கட்டிவிடுங்கள்.